கரடித் தோல்: முதல் நாள் வேலை
வாசகர் கேள்வி – பதில்

கனடாவிலும் அலாஸ்காவிலும் உரிமம் வாங்கிக் கரடி வேட்டையாட முடியும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமத்தோடு வேட்டையாடிய வட அமெரிக்கக் கருங்கரடியின் தோலுக்கு உரியவை. நம் ஊர்க் கரடியைப் பற்றி வந்த கேள்விக்குக் கடைசியில் பதில் இருக்கிறது.

கே. எஸ்., சட்பரி, ஒன்டாரியோ: செப்டம்பரில் சுட்ட கருங்கரடியை அன்று மாலையே உரித்து, இரவோடு இரவாக இரண்டு மூட்டை உப்பும் போட்டுவிட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பதனிடக் கொடுத்தால், வயிற்றுப் பக்கம் ரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்றுவிட்டதாம். அமிலத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்களா?

அமிலத்தின் மேல் பழி இல்லை. ரோமம் கழன்றது தொட்டியில்தான், ஆனால் ரோம வேரின் பிடி தளர்ந்தது அந்தச் செப்டம்பர் இரவில். நீங்கள் உப்பைப் போட்டது தோலின் மேல் அல்ல, கொழுப்பின் மேல். கொழுப்பைத் துளைத்துக்கொண்டு உப்பு உள்ளே போகாது. அடியில் தோல் ஈரமாகவும் சூடாகவும் இருந்தபடியே இருந்திருக்கும். பாக்டீரியாக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவை முதலில் தின்பது ரோம வேரைச் சுற்றியுள்ள மெல்லிய உறையையும் மேல்தோலையும்தான். அது கரைந்துவிட்டால் ரோமத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. உப்பும் உலர்வும் அதை அப்படியே ஒட்டி வைத்திருக்கும், ஊறல் நீரில் போட்டதும் விட்டுவிடும். அதனால்தான் பதனிடுகிறவர் கெடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

இலையுதிர் காலத்துக் கரடிக்கு இந்த ஆபத்து மற்ற மிருகங்களைவிட அதிகம். குளிர்காலத் தூக்கத்துக்காகத் தின்று தின்று சேர்த்த கொழுப்பு இடுப்பிலும் பின்பக்கத்திலும் கனமான மெத்தைபோல் இருக்கும். அதன்மேல் அடர்ந்த ரோமம். இரண்டுமாகச் சேர்ந்து, உயிர் போன பிறகும் உடற்சூட்டைப் பல மணி நேரம் வெளியே விடுவதில்லை. காற்று சில்லென்று வீசுகிறதே என்று நம்பி விட்டுவைக்கக் கூடாது.

விழுந்தவுடன் வயிற்றைத் திறந்து குடலை எடுங்கள். சில மணி நேரத்துக்குள் தோலை உரித்துவிடுங்கள். உரித்த தோலைச் சதைப்புறம் மேலே தெரியும்படி நிழலில் விரித்து, சூடு முழுக்க ஆறவிடுங்கள். சூடு ஆறாத தோலைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் அடைத்து வண்டியில் போடுவதுதான் பெரும்பாலான தோல்களுக்கு எமன்.

ஆறிய பிறகு கொழுப்பு, சதை, சவ்வு எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். இடுப்பு உயரத்துக்குச் சாய்த்து வைத்த, மேற்பக்கம் வளைவான மரக்கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு கைப்பிடி உள்ள நீளக் கத்தியால் கீழ்நோக்கித் தள்ளுங்கள். கொழுப்புக்குக் கத்தியின் மொட்டை விளிம்பு போதும். சதை ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கூர்ப்பக்கம். நடுத்தரக் கரடியின் தோல், தலையும் பாதமும் சேர்த்து, வழிப்பதற்கு முன் 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதில் கணிசமான பங்கு கொழுப்புதான். வழித்து முடித்த இடம் நீலம் கலந்த வெள்ளையாக, கை வைத்தால் வழுக்காமல் இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை விரலில் ஒட்டினால் வேலை முடியவில்லை.

பிறகுதான் உப்பு. வழித்த தோலின் எடைக்குச் சம எடை உப்பு என்பது கணக்கு. அயோடின் கலக்காத தூள் உப்பாக இருக்கட்டும். கல்லுப்பு வேண்டாம், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தோல் உப்புப் படாமல் தப்பிவிடும். சாலையில் பனி உருக்கக் கொட்டும் உப்பையும் தொடாதீர்கள். ஓரம், மடிப்பு, அக்குள் எங்கும் விடாமல் கையால் அழுத்தித் தேய்த்து, சதைப்புறம் உள்ளே வரும்படி மடித்து, நீர் வடியச் சாய்வான பலகையில் வையுங்கள். 24 மணி நேரத்தில் சேறுபோல நீர் இறங்கியிருக்கும். அந்த உப்பை உதறி எறிந்துவிட்டுப் புது உப்புப் போடுங்கள். உதறிய உப்பைத் திரும்பப் பயன்படுத்தினால், உப்பிலேயே வாழும் பாக்டீரியாக்கள் அடுத்த தோலுக்குத் தாவி, சதைப்புறத்தில் இளஞ்சிவப்புப் படலம் விழும். இரண்டாம் உப்புக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பலகைபோல விறைக்கும் முன்பே மடித்துவிட வேண்டும்.

தோல் பிழைத்ததா என்று பார்க்க வயிறு, அக்குள், தொடையிடுக்கு மூன்றையும் சோதியுங்கள். பத்துப் பதினைந்து ரோமத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, ரோமம் படுத்திருக்கும் திசையிலேயே மெல்ல இழுங்கள். தோலும் கூடவே கூடாரம்போல எழும்பினால் நல்லது. ரோமம் மட்டும் சத்தமில்லாமல் கையோடு வந்து, அதன் அடியில் கறுப்புச் செதில்போல மேல்தோல் ஒட்டியிருந்தால் அந்த இடம் போயிற்று. வழித்த பக்கத்தில் பச்சை பாய்ந்திருந்தாலும் அதே அர்த்தம். பரவாமல் தடுக்கலாம், போனதைத் திருப்ப வழியில்லை.

ஒரு வாசகி, தண்டர் பே: உடம்பெல்லாம் நன்றாக வந்தது. காதும் உதடும் பாதமும் மட்டும் மொட்டையாகிவிட்டன. ஏன்?

அங்கெல்லாம் தோல் இரட்டையாக இருக்கிறது. உப்பு ஒரு பக்கம்தான் பட்டிருக்கும்.

காதின் முன்தோலுக்கும் பின்தோலுக்கும் நடுவே குருத்தெலும்பு இருக்கிறது. பின்தோலை அதிலிருந்து பிரித்துக்கொண்டே போய், நுனிவரை கையுறையைத் திருப்புவதுபோல் உள்வெளியாகத் திருப்ப வேண்டும். கத்தி வேண்டாம். முனை மழுங்கிய மரக்குச்சியோ கரண்டிக் காம்போ போதும். விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டரில் நிறுத்திவிட்டாலும், நிறுத்திய அந்த விளிம்பில்தான் ரோமம் கழலும்.

உரிக்கும்போதே உதட்டின் உட்தோலைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருக்க வேண்டும். வெளித்தோலுக்கும் உட்தோலுக்கும் நடுவே கத்தியை விட்டு, புத்தகத்தைத் திறப்பதுபோல் பிளந்து விரித்து, உப்பு உள்ளே போகும்படி செய்யுங்கள். கண்ணிமைக்கும் மூக்குக்கும் இதே முறை. மூக்கின் நடுக் குருத்தெலும்பைச் சன்னமாகச் செதுக்கி விடுங்கள்.

பாதத்தில் ஒவ்வொரு விரலையும் கடைசி எலும்பு வரை உரிக்க வேண்டும். நகம் தாங்கும் கடைசி எலும்பு மட்டும் நகத்தோடு நிற்கட்டும். உள்ளங்கால் திண்டின் அடியில் மஞ்சளாக, ஊறிய பஞ்சுபோல ஒரு கொழுப்புக் கட்டி இருக்கும். உள்பக்கத்திலிருந்து அதை முழுதும் அகற்றிச் சன்னமாக்காவிட்டால், பதனிட்ட பிறகும் திண்டு வெடித்து எண்ணெய் கசியும். ஒரு கரடிக்கு நான்கு பாதமும் முகமும் முடிக்க, உடம்பு முழுவதையும் வழிப்பதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். அதற்குத் தயாராக உட்கார வேண்டும்.

ஜே. வி., ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா: வழிக்க நேரமில்லை என்றால் உப்புப் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாமா?

இரண்டில் ஒன்றுதான். உப்புப் போட்ட தோல் சரியாக உறையாது. உறைபெட்டியிலும் பாதி ஈரமாகக் கிடந்து மெல்லக் கெடும். நேரமில்லையென்றால் உப்பே போடாமல், முழுக்க ஆறவிட்டுத் தளர்வாகச் சுருட்டி உறைய வையுங்கள். சூடான தோலைக் கெட்டியாகச் சுருட்டினால் வெளிப்பக்கம் கல்லாகிவிடும், நடுப்பகுதி இரண்டு நாள் வெதுவெதுப்பாகவே கிடக்கும். காதையும் பாதத்தையும் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், அவைதான் முதலில் காய்ந்து வெளுக்கும். ஆனாலும் சில வாரத்துக்கு மேல் வேண்டாம்.

போராக்ஸ் (வெண்காரம்) தூவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதனிடப் போகும் தோலில் வேண்டாம். அது காரம். பின்னால் வரும் அமில ஊறலோடு மல்லுக்கட்டும்.

உங்கள் மாநிலத்தில் பழுப்புக்கரடி என்றால் தோலையும் மண்டையோட்டையும் 30 நாளுக்குள் அதிகாரிகளிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். அதுவரை பாலின அடையாளம் (ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு) தோலிலேயே ஒட்டியிருக்க வேண்டும். வழிக்கும் வேகத்தில் அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், வினிபெக்: வீட்டிலேயே பதனிட அளவுகளோடு ஒரு முறை சொல்லுங்கள்.

படிகார முறையைச் சொல்கிறோம். பழையது, பொருள்கள் எளிதில் கிடைக்கும். முதல் தோலாகவே கரடியை எடுக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு முயல் தோலிலும் ஒரு ஆட்டுத்தோலிலும் கை பழகிய பிறகு தொடங்குங்கள்.

உப்பில் காய்ந்த தோலை முதலில் குளிர்ந்த உப்புநீரில் (லிட்டருக்கு 60 கிராம் உப்பு) துவளும் வரை ஊறவையுங்கள். துவண்டதும் உடனே எடுத்துவிடுங்கள். ராத்திரி கிடக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று விட்டால் ரோமம் போகும். பிறகு பாத்திரம் துலக்கும் திரவ சோப்பில் இரண்டு முறை அலசுங்கள். தண்ணீர் உடற்சூட்டுக்கு மேல் போகக் கூடாது. வெந்நீர் பட்ட தோல் சுருங்கி ரப்பராகிவிடும், அதை யாராலும் விரிக்க முடியாது.

அடுத்து அமில ஊறல். 10 லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிலோ உப்பும் 225 கிராம் சிட்ரிக் அமிலமும். பிளாஸ்டிக் தொட்டிதான் வேண்டும், தகரமும் அலுமினியமும் ஆகாது. முதலில் உப்பு முழுக்கக் கரையட்டும், பிறகு அமிலம். உப்புக் குறைந்தால் அமிலம் பட்ட தோல் நீரை உறிஞ்சி ஜெல்லிபோல ஊதிவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 2 அளவில் இருக்க வேண்டும், 2.5-ஐத் தாண்டினால் அமிலம் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் பாருங்கள், தினமும் கிளறுங்கள். கொழுத்த தோல் அமிலத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்று நாளில் தோல் வெளுத்துத் தடிக்கும். அப்போது வெளியே எடுத்து, கழுத்து, முகம், முதுகுத் தண்டு ஆகிய தடித்த இடங்களைச் சீவி மெலிதாக்குங்கள். கரடிக்கு இந்தச் சீவல்தான் உயிர். சீவாத கழுத்து எத்தனை நாள் ஊறினாலும் கடைசியில் மரக்கட்டையாகக் காயும். சீவிய பிறகு மறுபடி ஊறலில் இரண்டு மூன்று நாள். கழுத்து ஓரத்தில் ஒரு மெல்லிய துண்டை வெட்டிக் குறுக்கே பாருங்கள். தேங்காய்ப் பத்தையைப்போல முழுக்க வெள்ளையாக இருந்தால் ஊறிவிட்டது. நடுவில் கண்ணாடிபோல் ஒரு கோடு தெரிந்தால் இன்னும் நாள் வேண்டும்.

ஊறிய தோலை வடியவிட்டு, 10 லிட்டருக்கு 75 கிராம் சமையல் சோடா கரைத்த நீரில் 20 முதல் 30 நிமிடம் அலையுங்கள். பி.எச். 4-க்குப் பக்கத்தில் வர வேண்டும். இதைத் தவிர்த்தால் படிகாரம் தோலில் பிடிக்காது. அதிக நேரம் விட்டாலோ ரோமம் தளரும். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள்.

இப்போது படிகாரம். 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் நீரில் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 2 லிட்டர் நீரில் 225 கிராம் உப்பும் 110 கிராம் படிக வடிவ வாஷிங் சோடாவும் கரையுங்கள். சோடாக் கரைசலைப் படிகாரக் கரைசலில் நூல்போல ஊற்றி, விடாமல் கலக்குங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், அது தோலுக்குள் போகாது. இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நீர் நீக்கிய சோடாத் தூள். அதுவானால் 40 கிராம் போதும். 110 போட்டால் நிச்சயம் திரியும்.

இந்தக் கரைசலில் கோதுமை மாவைச் சேர்த்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, விரித்து ஆணியடித்த தோலின் சதைப்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பு. மறுநாள் வழித்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். கரடிக்கு மூன்று பூச்சு. கடைசிப் பூச்சு மூன்று நாலு நாள் இருக்கட்டும்.

வழித்து, ஈரத் துணியால் துடைத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே எண்ணெய். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுத்து, நீரில் கலக்கும்படி சல்ஃபேட் செய்த எண்ணெய் தோல் வேலைக்கான கடைகளில் கிடைக்கும். ஒரு பங்கு எண்ணெய்க்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர். சதைப்புறத்தில் மட்டும் தேய்த்து, சதைப்புறத்தோடு சதைப்புறம் சேர மடித்து ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு காயவிடுங்கள். முக்கால்வாசி காய்ந்து, இழுத்த இடம் வெள்ளையாகத் தெரியும் பதத்தில் பலகை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் துவளவைக்க வேண்டும். பதனிட்ட தோல் மென்மையாவது மருந்தால் அல்ல, இந்த இழுப்பால். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டும் முன் அவற்றைப் பிரித்துவிடுகிறோம். பதம் தவறி விறைத்தால் சதைப்புறத்தை நனைத்து மறுபடி இழுங்கள். கடைசியாக ரோமத்தில் வன்மரத்தூளைத் தேய்த்து உதறினால் மீதிப் பிசுக்கும் போகும். பைன் மரத்தூள் வேண்டாம், அதன் பிசின் ரோமத்தில் ஒட்டும்.

படிகாரத் தோலை நீரில் நனைத்து ஊறவைத்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும். விரிப்பாகப் போட்டாலும் சரி, சுவரில் மாட்டினாலும் சரி, துவைக்கக் கூடாது.

எம். அப்துல்., ஆம்பூர்: எங்கள் ஊரில் பதனிடுவது குரோம் உப்பில், திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கம் ஆவாரம்பட்டை. இவ்வளவு தெரிந்த முறைகள் இருக்க, கரடிக்கு ஏன் படிகாரம்?

நல்ல கேள்வி. உங்கள் தொழிலில் முதல் வேலையே சுண்ணாம்புக் குழியில் போட்டு ரோமத்தை எடுப்பது. இங்கே காப்பாற்ற வேண்டியதே ரோமம். அந்த இடத்திலேயே இரண்டு தொழிலும் பிரிந்துவிடுகின்றன.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலுக்குள் போய் நிரம்புபவை. செருப்புக்கும் பைக்கும் அந்தக் கனம்தான் அழகு. ரோமத் தோலுக்கு அதுவே சுமை. வாரக்கணக்கில் பட்டைச் சாற்றில் கிடக்கும்போது ரோம வேர் தளரவும் வாய்ப்புண்டு. குரோம் பிடிப்பில் கெட்டிக்காரன். அது பட்ட தோல் கொதிநீரையும் தாங்கும், படிகாரத் தோல் தாங்காது. ஆனால் சதைப்புறம் நீலமாகிவிடும். அதன் கழிவுநீரை வீட்டுத் தொழுவத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது என்பது பாலாற்றங்கரையில் இருக்கும் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இன்று ரோமத் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் அலுமினியம் சார்ந்த செயற்கைப் பொடிகள் நிறையப் புழங்குகின்றன. அவை படிகாரத்தின் வளர்ந்த பிள்ளைகள்.

வட அமெரிக்கப் பழங்குடிகளின் மூளைப் பதம் (மிருகத்தின் மூளையைத் தேய்த்துப் பதனிடுவது) பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூளையில் இருக்கும் லெசித்தின், கொழுப்பையும் நீரையும் கலக்கவைத்துத் தோலுக்குள் அனுப்புகிறது. பிறகு புகைபோடுவதால், புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் நாரைப் பிணைக்கின்றன. புகை போட்ட தோல் நனைந்து காய்ந்தாலும் மென்மை கெடாது. மான் தோலுக்கு அருமையான முறை. கரடியில் கொழுப்பைத் துளி விடாமல் எடுத்தால் மட்டுமே மூளைக் கலவை உள்ளே போகும்.

ஆர். டி., லண்டன்: பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலரின் உயரத் தொப்பி உண்மையிலேயே கரடித் தோலா?

ஆம். கனடாவின் கருங்கரடித் தோல்தான். உயரம் சுமார் 18 அங்குலம். செயற்கை ரோமத்துக்கு மாறச் சொல்லி விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன.

எல். பி., கால்கரி: பத்து வருடம் முன் வாங்கிய கரடி விரிப்பு. இப்போது தூக்கினால் காகிதம்போலக் கிழிகிறது. எண்ணெய் நாற்றமும் வருகிறது.

கொழுப்பு உள்ளேயே தங்கிவிட்ட தோல். அது காற்றோடு சேர்ந்து வருடக்கணக்கில் சிக்கு நாற்றமடித்துப் புளித்து, அதில் உண்டான அமிலம் நாரை அரித்துவிட்டது. ஓரத்தில் பழுப்பு மஞ்சளாக, மெழுகுபோல இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், கிழிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். அரித்த நார் திரும்ப வராது. கிழியாத பகுதிகளின் சதைப்புறத்தை மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியால், திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் துடைத்து, பின்பக்கம் பருத்தித் துணியை ஒட்டி வையுங்கள். தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலும் எண்ணெய் பூசுவது தீர்வு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதே வாசகர்: தெரிந்தவர்கள் கரடி இறைச்சி தந்தார்கள். உறையவைத்தால் புழு செத்துவிடுமா?

உறையவைத்தால் புழு சாகும் என்று பன்றி இறைச்சிக்குச் சொல்லும் விதி கரடிக்குப் பொருந்தாது. வடக்கே கரடிகளில் இருக்கும் டிரிக்கினெல்லா புழுவின் ஒரு வகை உறைநிலையைத் தாங்கும். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஏறும்வரை வேகவையுங்கள். உரித்த கத்தியையும் பலகையையும் சமையலுக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒரு வாசகர், கோயம்புத்தூர்: தாத்தா காலத்துக் கரடித் தோல் ஒன்று பரணில் இருந்து கிடைத்தது. ரோமம் உதிர்கிறது. மறுபடி பதனிட்டுச் சுவரில் மாட்டலாமா?

முதலில் அதற்கு உடைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். நம் காட்டுக் கரடி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அதன் தோலை வைத்திருப்பதே குற்றம், எத்தனை தலைமுறைப் பழையதானாலும். சான்றிதழ் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசாக உங்கள் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். விற்க முடியாது. வேண்டாம் என்றால் ஒப்படைக்க 2022 திருத்தம் வழி வைத்திருக்கிறது. காகிதம் எதுவும் கிடைக்கவில்லையென்றால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையை நீங்களே அணுகுங்கள். யாரிடமும் பதனிடக் கொடுத்து அலைய வேண்டாம்.

அதுவரை அந்தத் தோலைத் தட்டவோ, உதறவோ, வெறுங்கையால் தொடவோ செய்யாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவது வழக்கம். அந்த நஞ்சு நூறு வருடம் ஆனாலும் போவதில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். பரணில் உதிர்ந்து கிடக்கும் ரோமத்தைப் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் அதே தாளுக்குள் போட்டுக் கட்டுங்கள்.